ஐடில்ல ஜம்முனு ஓடுது, மிதிச்சா மட்டும் இழுக்கல: பழைய கார் இன்ஜின்ல பவர் எங்க போகுது?

பழைய கார் வெச்சிருக்குற யாராவது "வண்டி பிக்கப் இல்லப்பா, ஆக்சிலேட்டர் மிதிச்சா செத்து செத்து வருது"ன்னு வாய் திறந்தா போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துடும். ஒருத்தர் பிளக் மாத்துங்கிறார், ஒருத்தர் கார்பரேட்டர் கழுவுங்கிறார், இன்னொருத்தர் ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டுப் பாருங்கிறார், கடைசியா வர்றவர் "இன்ஜினை இறக்கிட வேண்டியதுதான்"னு ஒரே போடா போட்டுடுறார். ஆக்டேன் விஷயத்தைத் தவிர மத்ததெல்லாம் ஏதோ ஒரு வண்டிக்கு சரியாதான் இருக்கும். (ஆக்டேன்ங்கிறது பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்துல தானா வெடிக்காம தாங்குற திறன், அவ்ளோதான், அது பவரைக் கொண்டு வந்து ஊத்தாது.) ஆனா எந்த ஆர்பிஎம்ல போகுது, எந்த கியர்ல போகுது, மிதிச்ச உடனேவா இல்ல பத்து செகண்ட் கழிச்சான்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதைக் கேக்காம ஒண்ணொண்ணா பார்ட்ஸ் மாத்திட்டே போனா கடைசில பிரச்சனை அப்படியே இருக்கும், வண்டில பாதி புதுசா இருக்கும்.

இந்தக் கட்டுரைல பழைய பெட்ரோல் கார்களைப் பத்தி மட்டும் பேசுறேன், கார்பரேட்டர் (காத்து உறிஞ்சுற வேகத்துலயே பெட்ரோலை இழுத்துக் கலக்குற பாகம்) வண்டியும் ஆரம்ப கால ஃப்யூல் இன்ஜெக்ஷன் (இன்ஜெக்டர் வழியா பெட்ரோலைப் பீச்சுற) வண்டியும். டீசல்ல ஸ்பார்க்கே கிடையாது, அங்க கணக்கு வேற.

## "ஐடில்ல நல்லா ஓடுதே" - இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது

எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். ஸ்டார்ட் ஆகுது, நின்ன இடத்துல நடுங்காம ஓடுது, அப்ப இன்ஜின் நல்லாதானே இருக்குன்னு நினைச்சுக்குறாங்க. மூக்கடைச்சுப் போன ஒருத்தர நாற்காலில உக்கார வெச்சுப் பாருங்க, சாதாரணமா பேசிட்டு இருப்பார், ஒரு குறையும் தெரியாது. அவரையே நாலு மாடி ஓடி ஏறச் சொன்னா ரெண்டாவது மாடிலயே நெஞ்சு வாங்கும். அடைப்பு உக்காந்திருக்கும்போதும் இருந்துச்சு, தேவை கம்மியா இருந்ததால தெரியல.

இன்ஜின்லயும் அதேதான், நம்பர் போட்டுப் பாத்தா இன்னும் தெளிவா புரியும். ஆர்பிஎம்னா இன்ஜினோட கிராங்க் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு. ஐடில்னா ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கிற நிலை, பெரும்பாலும் 700-லருந்து 900 ஆர்பிஎம். அந்த நிலைல ஒரு சின்ன கார் இன்ஜின் மணிக்கு சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் குடிச்சா அதிகம். அதே இன்ஜின ஏத்தத்துல முழுசா மிதிச்சு 5000-க்கு மேல ஓட்டும்போது குடிக்கிற வேகம் இருபது முப்பது மடங்கா ஏறிடும். பெட்ரோல் அவ்ளோ போகணும்னா காத்து அதைவிட எவ்ளோ போகணும் பாருங்க, 1 கிராம் பெட்ரோல் சரியா எரியவே 14.7 கிராம் காத்து வேணும். உள்ள போன எல்லாம் எரிஞ்சு புகையா வெளிய போயாகணும். நாலு சிலிண்டர் இன்ஜின்ல 800 ஆர்பிஎம்ல ஒரு செகண்டுக்கு சுமார் 27 ஸ்பார்க் போதும், 5000-ல 167 வேணும்.

அதனால ஃபில்டர் பாதி அடைச்சுப் போனாலோ, ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்தித் தர்ற காயில் களைச்சுப் போனாலோ, சைலன்சர் உள்ள இடிஞ்சு விழுந்தாலோ ஐடில்ல ஒண்ணும் தெரியாது. வண்டி நின்னுட்டு இருக்கும்போது பானட்டத் திறந்து "எல்லாம் ஓகேதான்"னு சொல்ற மெக்கானிக் பொய் சொல்லல, பிரச்சனை இருக்குற நேரத்துல அவர் பாக்கல, அவ்ளோதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சில கோளாறு ஐடில்லதான் ஆட்டம் போடும், மிதிச்சா அடங்கிடும். இன்டேக் மேனிஃபோல்டுல (காத்தை சிலிண்டர்களுக்குப் பிரிச்சு விடுற குழாய்) சின்ன ஓட்டை விழுந்து திருட்டுத்தனமா காத்து உள்ள போற வேக்கம் லீக் அப்படித்தான். ஐடில்ல மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதுல அந்தத் திருட்டுக் காத்து பெரிய பங்கு, அதனால இன்ஜின் உதறும். 4000 ஆர்பிஎம்ல மொத்தக் காத்து நிறைய, ஓட்டைல போறது அதுல கரைஞ்சு போயிடும். அதனால உங்க வண்டி ஐடில்ல சுத்தமா ஓடி மேல போனா மட்டும் சாகுதுன்னா, வேக்கம் ஹோஸை எல்லாம் தேடிட்டு இருக்குறது முதல் வேலையா இருக்க வேண்டாம்.

## ரேஸ் பண்றது வேற, லோடு ஏத்துறது வேற

"மிதிச்சா பவர் இல்ல"ங்கிறதுல ரெண்டு வேற வேற நோய் ஒளிஞ்சிருக்கு, இதைப் பிரிக்காம மேல போகவே கூடாது.

நியூட்ரல்ல நிறுத்தி ரேஸ் பண்ணும்போது இன்ஜின் தன் சொந்த எடையை மட்டும்தான் சுத்துது. 4000 வரைக்கும் ஏத்த த்ராட்டில் கொஞ்சம் திறந்தாலே போதும் (த்ராட்டில்னா ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்குற அந்தக் கதவு, உள்ள எவ்ளோ காத்து போகலாம்னு அதுதான் முடிவு பண்ணுது). ஆனா மூணாவது கியர்ல மேட்டுல ஏறும்போது அதே 4000-க்கு த்ராட்டில் முழுசா திறந்திருக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் முட்ட முட்ட நிரம்பும். இதைத்தான் லோடுங்கிறோம். ஆர்பிஎம் ஒண்ணுதான், வேலை பல மடங்கு.

சோ முதல் டெஸ்ட் ஒரு பைசா செலவில்லாதது. இன்ஜின் நல்லா சூடாகட்டும், நியூட்ரல்ல மெதுவா ஏத்துங்க. ஏறும்போதே ஒரு இடத்துல, உதாரணமா 2500-லயோ 3000-லயோ, அதுக்கு மேல நகரவே மாட்டேன்னு நின்னுச்சுன்னா ஸ்பார்க், டைமிங், சைலன்சர் அடைப்பு, த்ராட்டில் முழுசா திறக்காதது, ஆட்டோமேட்டிக்கா பவரைக் குறைக்கிற கம்ப்யூட்டர், இந்த வரிசைல யோசிக்கலாம். நியூட்ரல்ல ஜோரா ஏறி, ரோட்டுல மட்டும் சாகுதுன்னா பெட்ரோல் பத்தாம போறதும், லோடுல மட்டும் தோத்துப் போற காயிலும் முன்னாடி வந்து நிக்கும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அது இன்ஜின் பிரச்சனையே இல்ல. மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு விர்ருனு ஏறுது, இன்ஜின் சத்தமும் ஏறுது, வண்டி மட்டும் வேகம் எடுக்கல. அது கிளட்ச் வழுக்குறது. பவர் இருக்கு, வீலுக்குப் போய்ச் சேரல. இதுக்கு கார்பரேட்டர் சர்வீஸ் பண்ணவங்களும் இருக்காங்க. அதே மாதிரி ஓட்டிட்டு வந்ததும் ஒரு வீல் பக்கம் மட்டும் அனல் அடிச்சா பிரேக் பிடிச்சுட்டே இருக்கு, அதையும் முதல்லயே கழிச்சு விட்டுடுங்க.

இதுவரைக்கும் சொன்னதோட சாரம்: ஐடில் நல்லா இருக்குறதால எதுவும் நிரூபணம் ஆகல. பெட்ரோல், காத்து, ஸ்பார்க், புகை வெளிய போற வழி, இந்த நாலும் அதிகத் தேவைக்கு ஈடு கொடுக்குதாங்கிறதுதான் கேள்வி. நியூட்ரல்லயும் சாகுதா, லோடுல மட்டும் சாகுதாங்கிறது உங்க லிஸ்ட்டைப் பாதியாக்கிடும்.

## பெட்ரோல் வந்து சேர்றதுக்குள்ள தீந்து போறது

பழைய வண்டில நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான், ஏன்னா டேங்க்லருந்து இன்ஜின் வரைக்கும் வழி நெடுக அடைக்கிறதுக்கு இடம் இருக்கு. டேங்க் உள்ள ஒரு சல்லடை, அப்புறம் மெட்டல் லைன், நடுநடுவுல ரப்பர் ஹோஸ், ஃபில்டர், பம்ப், கார்பரேட்டர் வாசல்ல இன்னொரு குட்டி சல்லடை, ஊசி வால்வு, ஜெட். இதுல எந்த ஒண்ணு பாதி அடைச்சாலும் ஐடிலுக்கு வேண்டியது சொட்டு சொட்டா வந்துடும்.

காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாத கலவையை லீன்னு சொல்வாங்க, பெட்ரோல் தேவைக்கு மேல இருந்தா ரிச். பெட்ரோல் பத்தாத வண்டி மேல போகப் போக லீன் ஆகும். ஓட்டுறவருக்கு எப்படித் தெரியும்னா, மிதிச்ச உடனே நல்லா இழுக்கும், சில செகண்ட் கழிச்சு பவர் மெதுவா வடிய ஆரம்பிக்கும், இன்னும் மிதிச்சா இன்னும் மோசமாகும், காலை எடுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டா திரும்ப வந்துடும், மறுபடி மிதிச்சா மறுபடி வடியும்.

அந்த "சில செகண்ட்" எங்கருந்து வருது தெரியுமா? கார்பரேட்டர்ல ஃப்ளோட் பவுல்னு ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு, அதுல எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிக்கும், ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. முழுசா மிதிக்கும்போது இன்ஜின் செகண்டுக்கு 7, 8 மில்லி இழுக்குதுன்னு வெச்சுக்கங்க, பம்ப்லருந்து வர்றது 4 மில்லிதான்னா கிண்ணத்துல இருக்குற சேமிப்பு கரைஞ்சுட்டே வரும். கிண்ணம் காலியாகுற வரைக்கும் வண்டி ராஜா மாதிரி போகும், காலியான உடனே தள்ளாடும். காலை எடுத்தா கிண்ணம் திரும்ப நிரம்புது, அதான் பவர் திரும்ப வர்றதோட ரகசியம். நியூட்ரல்ல ரேஸ் பண்ணா இது ஏன் தெரியறதில்லன்னும் இப்ப புரியும், அங்க இழுக்குற அளவே கம்மி.

கையால இழுக்குற சோக் இருக்குற கார்பரேட்டர் வண்டின்னா அருமையான டெஸ்ட் ஒண்ணு இருக்கு. சோக்குங்கிறது காத்து வழியைக் கொஞ்சம் மூடி, கலவையை ரிச் ஆக்குற கதவு. ஆளில்லாத ரோட்டுல, பவர் போற அந்த நேரத்துல சோக் நாப்பைக் கால்வாசி இழுங்க. வண்டி சட்டுனு உயிர் வந்து இழுத்துச்சுன்னா கலவை லீனா இருக்கு, பெட்ரோல் பத்தலங்கிறது கிட்டத்தட்ட உறுதி. இன்னும் மோசமாச்சுன்னா கலவைல பெட்ரோல் ஏற்கனவே போதுமான அளவு இருக்கு, இல்லன்னா ரிச்சாவே இருக்கு, பிரச்சனை வேற எங்கயோ. இதுக்குப் பதிலா சிலர் ஓடுற கார்பரேட்டர் வாய கையால மூடிப் பாப்பாங்க, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, பேக்ஃபயர் ஆகி நெருப்பு பின்னோக்கி வெளிய வந்துச்சுன்னா கை வெந்துடும்.

இன்ஜெக்ஷன் வண்டில இந்த விளையாட்டு செல்லாது, பிரஷர் கேஜ் மாட்டியே ஆகணும். பழைய மெக்கானிக்கல் பம்ப் 3-லருந்து 6 பிஎஸ்ஐதான் தரும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் இருக்குற வண்டிகள்ல சாதாரணமா 35-லருந்து 45 பிஎஸ்ஐக்குள்ள இருக்கும், சரியான நம்பர் உங்க வண்டி மேனுவல்ல பாருங்க. முக்கியமான விஷயம், கேஜ ஐடில்ல பாத்துட்டு "பிரஷர் இருக்கு"ன்னு கழட்டிடக் கூடாது. லோடுல ஓட்டும்போது முள்ளு நிக்குதா, விழுதான்னு பாக்கணும். பவர் போற அதே நொடில முள்ளும் விழுந்தா வேற சாட்சி வேண்டாம். அதுக்கப்புறமும் பம்பை வாங்க ஓடாதீங்க, பம்ப் கனெக்டர்ல வோல்டேஜ் பாருங்க. பேட்டரில 13.8 இருந்து பம்ப்கிட்ட 11 தான் வருதுன்னா துருப்பிடிச்ச எர்த் ஒயரோ ரிலேவோதான் பம்பைப் பட்டினி போடுது.

ஈஸியா ஏமாத்துற சில இடங்கள். டேங்க் மூடில காத்து உள்ள போற ஓட்டை அடைச்சிருந்தா, பெட்ரோல் குறையக் குறைய உள்ள வேக்கம் உருவாகி பம்பை எதிர்த்து இழுக்கும். பவர் போன நேரத்துல நிறுத்தி மூடியைத் திறங்க, "உஸ்ஸ்"னு காத்து உள்ள இழுத்து, அப்புறம் வண்டி நல்லா ஓடுச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு. ரப்பர் ஹோஸ் இன்னொரு திருடன். வெளிய பாக்க நல்லா இருக்கும், உள் தோல் உரிஞ்சு ஒரு நாக்கு மாதிரி தொங்கிட்டு இருக்கும், மெதுவா பெட்ரோல் போகும்போது ஒதுங்கி நிக்கும், வேகமா இழுத்தா போய் அடைச்சுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக செய்யாத பழைய ரப்பர் இப்படிக் கெடுறது சகஜம். டேங்க் அடில துருவும் கசடும் இருந்தா அது சல்லடைல போய் ஒட்டும், வண்டிய நிறுத்தி சில நிமிஷம் விட்டா உறிஞ்சல் இல்லாததால தானா கீழ விழும், வண்டி திரும்ப ஓடும். இதைப் பாத்துட்டு "சூட்டுல ஏதோ ஆகுது"ன்னு காயில் மாத்துறாங்க. சூட்டுல சாகுற காயிலும் ஆறினா திரும்ப வரும்தான், ஆனா அது ஆற அரை மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கும், சல்லடை கசடு அவ்ளோ நேரம் கேக்காது.

பெட்ரோல் லைன் கழட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும், பேட்டரி கழட்டியிருக்கட்டும், பக்கத்துல தீயணைப்பான் இருக்கட்டும். இன்ஜெக்ஷன் வண்டில இன்ஜின் நிறுத்துன அப்புறமும் லைன்ல பிரஷர் நிக்கும், முகத்துல பீச்சி அடிக்கும்.

## ஸ்பார்க்: அடிக்குதாங்கிறது பத்தாது, அமுக்கத்துல அடிக்குதா?

பிளக்கைக் கழட்டி பாடில வெச்சு கிராங்க் பண்ணி (அதாவது ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்த வெச்சு), நீலமா ஸ்பார்க் வருது, காயில் ஓகேன்னு முடிக்கிறது ரொம்பப் பழைய பழக்கம். வெளிக்காத்துல பிளக் இடைவெளியைத் தாண்டுறது ஸ்பார்க்குக்கு லேசு. சிலிண்டருக்குள்ள கலவை அமுங்கி நெருக்கமா இருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட பல மடங்கு வோல்டேஜ் வேணும். த்ராட்டில் எவ்ளோ திறக்குறீங்களோ அவ்ளோ காத்து நிரம்பும், அமுக்கம் ஏறும், ஸ்பார்க்குக்கு வேலை கஷ்டமாகும். களைச்ச காயில், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கா பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட வெடிச்ச மூடி, வயசான பிளக் ஒயர், தேஞ்சு இடைவெளி அகண்டு போன பிளக், இதெல்லாம் சரியா லோடுலதான் கை விடும். அப்ப கலவை எரியாம போற அந்த சுற்றைத்தான் மிஸ்ஃபயர்ங்கிறோம்.

பெட்ரோல் பத்தாதது மெதுவா வடியும்னு சொன்னேன்ல, ஸ்பார்க் போறது அப்படி இல்ல. வெட்டி வெட்டி ஜெர்க் அடிக்கும், சைலன்சர்ல டப்பு டப்புனு சத்தம் வரும், ஒரு நொடி இருக்கும் ஒரு நொடி இருக்காது. காலை லேசா தூக்குனாலே சட்டுனு சரியாகிடும். இருட்டுல பானட் திறந்து வெச்சு இன்ஜின ரேஸ் பண்ணிப் பாத்தா சில நேரம் ஒயர் மேல ஊதா நிறத்துல மினுக் மினுக்னு ஓடுறது கண்ணுக்கே தெரியும், கரண்ட் பிளக்குக்குப் போகாம வெளிய கசியுது. கை வைக்காதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

காயிலுக்கு நேரப் பிரச்சனையும் உண்டு. ஒவ்வொரு ஸ்பார்க்குக்கு முன்னாடியும் காயில் கரண்டை வாங்கி காந்தமா சேத்து வெச்சுக்கணும். நாலு சிலிண்டர்ல 800 ஆர்பிஎம்ல ரெண்டு ஸ்பார்க்குக்கு நடுவுல 37 மில்லி செகண்ட் கிடைக்குது, 5000-ல 6 மில்லி செகண்ட்தான், அதுலயும் ஒரு பகுதி மட்டும்தான் சார்ஜ் ஆகுறதுக்கு. பாயிண்ட் (காயிலுக்குப் போற கரண்டைத் திறந்து மூடுற குட்டி சுவிட்ச்) வெச்ச வண்டில பாயிண்ட் இடைவெளி அதிகமா இருந்தா அந்த நேரம் இன்னும் சுருங்கும், பாயிண்ட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா மேல் ஆர்பிஎம்ல மூட வேண்டிய நேரத்துல துள்ளிட்டே இருக்கும். பழைய ஆளுங்க டியூனிங்னா முதல்ல பாயிண்ட்டையும் கண்டென்சரையும் பாத்தது இதனாலதான்.

### டைமிங் முன்னாடி நகரலன்னா

இதை நிறைய பேர் தொடவே மாட்டாங்க, ஆனா பழைய வண்டில இது பெரிய விஷயம். கலவை எரிஞ்சு முடிய கொஞ்சம் நேரம் எடுக்கும். 800 ஆர்பிஎம்ல ஒரு மில்லி செகண்டுக்குள்ள கிராங்க் 5 டிகிரிகூட திரும்பாது, 4000-ல அதே நேரத்துல 24 டிகிரி திரும்பிடும். அதனால வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கணும், இதுக்கு அட்வான்ஸ்னு பேரு. ஐடில்ல 10 டிகிரி சுமார் இருந்தா 3000 ஆர்பிஎம் பக்கம் 30 டிகிரிக்கு மேல போயிருக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ரெண்டு குட்டி எடைக்கல் ஸ்பிரிங்ல தொங்கிட்டு இருக்கும், சுத்துற வேகத்துல வெளிய விரிஞ்சு இந்த வேலையைச் செய்யும். வருஷக்கணக்கா எண்ணெய் காணாம துருப்பிடிச்சு அது இறுகிடுச்சுன்னா? ஐடில் டைமிங் கச்சிதமா இருக்கும், மேல போனா ஸ்பார்க் லேட், பாதி நெருப்பு சைலன்சர்லதான் எரியும், வண்டி சோம்பேறியா இழுக்கும், சூடாகும், ஜெர்க்கே இருக்காது.

ஸ்பார்க் அடிக்கிறப்பெல்லாம் மின்னுற டைமிங் லைட்டை மாட்டி ஐடில்லருந்து 3000 வரைக்கும் ஏத்துங்க, அந்த வெளிச்சத்துல கிராங்க் புல்லிச் சக்கரத்துல இருக்குற குறி நகந்து போகணும். அசையாம அங்கயே நின்னா எடைக்கல் இறுகிடுச்சு. லைட் இல்லன்னா இன்ஜின நிறுத்திட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்ள சுத்துற ரோட்டரை அது சுத்துற திசைல விரலால லேசா திருப்பி விடுங்க, டக்குனு ஸ்பிரிங்ல திரும்பி வரணும்.

சுருக்கமா, மெதுவா வடிஞ்சா பெட்ரோல், வெட்டி வெட்டி அடிச்சா ஸ்பார்க், ஜெர்க் இல்லாம சோம்பலா இருந்தா டைமிங் இல்லன்னா அடுத்து சொல்லப் போற சைலன்சர். நூத்துக்கு நூறு சரியா இருக்கும்னு இல்ல, ஆனா எங்கருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லிடும்.

## காத்து

இதுல பேச அதிகம் இல்ல. ஏர் ஃபில்டரைக் கழட்டி ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடும் (புழுதி ரோட்டுல வேண்டாம்). அதைவிட முக்கியம், ஒருத்தர உள்ள உக்கார வெச்சு இன்ஜின் ஆஃப்ல ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் உண்மையிலேயே முழுசா திறக்குதான்னு கண்ணால பாருங்க. கேபிள் தளர்ந்து, இல்ல ஃப்ளோர் மேட் பெடலுக்கு அடில சுருண்டு, பாதி கதவுதான் திறக்குற வண்டிங்க நிறைய. இன்ஜெக்ஷன் வண்டில காத்தை அளக்குற சென்சார்ல தூசி படிஞ்சா, உள்ள போற நிறைய காத்தைக் கம்மின்னு கணக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி கம்மியா பெட்ரோல் விடும், மேல் ஆர்பிஎம்ல லீன் ஆகிடும். அதுக்குன்னே விக்கிற கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடிங்க, துணியால துடைச்சா அந்த மெல்லிசு கம்பி அறுந்துடும்.

## வெளிய போக வழி இல்லன்னா உள்ள வரவும் முடியாது

சைலன்சர் அடைப்பை யாரும் நம்ப மாட்டாங்க, ஏன்னா புகை வெளிய வர்றது கண்ணுக்குத் தெரியுது. ஐடில்ல வர்ற புகைக்கு ஒரு சின்ன ஓட்டை போதும். மேல போகும்போது எரிஞ்ச புகை வெளிய போக முடியாம சிலிண்டருக்குள்ளயே கொஞ்சம் தங்கிடும், அது இருக்குற இடத்துல புதுக் கலவை வர முடியாது. அப்படி வெளிய போற வழில எதிர்த்து நிக்கிற அழுத்தத்துக்குப் பேரு பேக் பிரஷர்.

எங்க அடைக்கும்? கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்குற வண்டில அதுதான் முதல் இடம். அது உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி ஒண்ணு இருக்கும், புகை அது வழியா போய் நச்சு குறையும். மிஸ்ஃபயர் ஆகுற இன்ஜின்லருந்து எரியாத பெட்ரோல் அங்க போய் எரிஞ்சா அந்தக் கட்டி சூடு தாங்காம உருகி மூடிக்கும். அதனால கன்வர்ட்டர் அடைச்சுருக்குன்னு புதுசு மாட்டி, மிஸ்ஃபயரை விட்டுட்டா புதுசும் அதே கதிதான். "ஹைவேல அடிச்சு ஓட்டு, கார்பன் எல்லாம் போயிடும்"ங்கிற வைத்தியத்தை உருகுன கன்வர்ட்டர்ல பண்ணா அடிப்பக்கம் செக்கச்செவேல்னு பழுக்கும், காஞ்ச புல்லு மேல நிறுத்துனா தீப்பிடிக்கும். கன்வர்ட்டரே இல்லாத பழைய வண்டில சைலன்சர் உள்ள தட்டு கழண்டு வழிய அடைக்கும், ரெட்டைச் சுவர் பைப்னா உள் பைப் மட்டும் நசுங்கி வெளிப் பைப் அழகா இருக்கும்.

இதுக்கு வேக்கம் கேஜ் டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட், கேஜும் பெரிய விலை இல்ல. வேக்கம்னா த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்ஜின் காத்துக்காக உறிஞ்சுற உறிஞ்சல். இன்டேக் மேனிஃபோல்டுல கேஜ் மாட்டுங்க, நல்லா இருக்குற இன்ஜின் கடல் மட்டத்துக்கிட்ட ஐடில்ல 17-லருந்து 21 இஞ்ச் (பாதரச அளவு) வரைக்கும் காட்டும், மலைப்பக்கம்னா அதைவிடக் கம்மி. இப்ப 2500 ஆர்பிஎம்க்கு ஏத்தி அங்கயே பிடிங்க. முள்ளு முதல்ல விழுந்து, திரும்ப ஏறி, ஐடில்ல இருந்த இடத்துக்கோ அதுக்கு மேலயோ வந்து நிக்கணும். அடைப்பு இருந்தா ஏறுன முள்ளு நிக்காது, ஆர்பிஎம் மாறாமலே 18, 16, 13-னு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே வரும். புகை உள்ள தேங்கத் தேங்க உறிஞ்சல் சாகுறதை நீங்க நேராப் பாத்துட்டு இருக்கீங்க.

ஆக்சிஜன் சென்சார் இருக்குற வண்டின்னா அதைக் கழட்டி அந்த ஓட்டைல பிரஷர் கேஜ் மாட்டலாம், 2500 ஆர்பிஎம்ல 3 பிஎஸ்ஐக்கு மேல காட்டுனா அடைப்பைச் சந்தேகப்படுங்க. இந்த டெஸ்ட் எதையும் மூடுன ஷெட்டுக்குள்ள பண்ணாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

## இதெல்லாம் சரின்னா இன்ஜினுக்குள்ள

"இன்ஜினை இறக்கு"ங்கிறவர் பேச்சை இப்பதான் கேக்கணும், அதுவும் அளந்து பாத்துட்டு. கம்ப்ரஷன்னா பிஸ்டன் மேல வந்து கலவையை எவ்ளோ அமுக்குதுங்கிற அளவு. எல்லா பிளக்கையும் கழட்டி, ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் துண்டிச்சு, த்ராட்டிலை முழுசா திறந்து வெச்சு ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் மாட்டி கிராங்க் பண்ணுங்க. நம்பர் எவ்ளோங்கிறதைவிட நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்காங்கிறதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் ரொம்பக் கம்மின்னா அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறுனா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. நாலுமே ஒண்ணா கம்மியா இருந்து வேக்கமும் கம்மின்னா டைமிங் பெல்ட் (வால்வுகளை கிராங்க்கோட நேரம் ஒத்துத் திறக்க வைக்கிற பெல்ட்) ஒரு பல்லு தாவியிருக்கான்னு குறியை ஒத்துப் பாருங்க, குறிப்பா பெல்ட் மாத்துன அப்புறம்தான் பவர் போச்சுன்னா.

கம்ப்ரஷன் ரிங் தேஞ்ச இன்ஜின் எல்லா ஆர்பிஎம்லயும் சோர்வாதான் இருக்கும், மேல மட்டும் சாகாது. மேல மட்டும் சாகுற உள்கோளாறுன்னா வால்வு ஸ்பிரிங் தளர்றது, வேகமா சுத்தும்போது வால்வு நேரத்துக்கு மூடாது. வேக்கம் கேஜ் முள்ளு ஐடில்ல சாதுவா இருந்து ஆர்பிஎம் ஏற ஏற அகலமா ஆட ஆரம்பிச்சா அதுவா இருக்கலாம்.

## ஸ்கேனர் மாட்டிப் பாத்தா தெரிஞ்சுடாதா?

அமெரிக்காவுல 1996-லருந்தும் ஐரோப்பால பெட்ரோல் கார்களுக்கு 2001-லருந்தும் ஓபிடி-2ங்கிற பொதுவான சாக்கெட் கட்டாயம் ஆச்சு, அதுக்கு முன்னாடி வண்டில உங்க ஸ்கேனர் பெரும்பாலும் மாட்டவே மாட்டாது. மாட்டுனாலும் "கோட் ஒண்ணும் இல்ல"ங்கிறதுக்கு கோளாறு இல்லன்னு அர்த்தம் கிடையாது, அடைச்ச சைலன்சருக்குன்னு அதுல சென்சார் இல்ல. கோடைவிட ஃப்யூல் ட்ரிம் உபயோகம், அதாவது கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எவ்ளோ பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குதுங்கிற சதவீதம். ஐடில்ல பூஜ்யம் பக்கத்துல இருந்து, 3000-ல சீரா ஓட்டும்போது ப்ளஸ் 15, 20-னு ஏறுனா கம்ப்யூட்டர் பெட்ரோல் கேட்டுக் கெஞ்சுது, இல்ல காத்து சென்சார் பொய் சொல்லுது. ஐடில்ல மட்டும் ப்ளஸ் அதிகமா இருந்து மேல போனா சரியாகுதுன்னா, முன்னாடி சொன்ன வேக்கம் லீக்.

கடைசில ஒர்க்ஷாப்புக்குத்தான் போறீங்கன்னா "பிக்கப் இல்ல"ன்னு மட்டும் சொல்லி சாவியைக் கொடுக்காதீங்க. "நியூட்ரல்ல 5000 வரை ஏறுது, மூணாவது கியர்ல மேட்டுல 3500 தாண்டுனா பத்து செகண்ட்ல வடியுது, காலை எடுத்தா திரும்ப வருது, சோக் இழுத்தா சரியாகுது"ன்னு சொல்லுங்க. அதைக் கேட்டதுக்கு அப்புறமும் பிளக்குலருந்து ஆரம்பிக்கிற மெக்கானிக்குன்னா வண்டியை எடுத்துட்டு வேற ஒருத்தர்கிட்ட போயிடுங்க.